பன்னிரண்டு புள்ளி ஆறு

காலை ஆறு மணி.
வெயில் இன்னும் கோஃபா மலையைத் தாண்டவில்லை.
மானியில் பன்னிரண்டு புள்ளி ஆறு.
விரலால் தட்டிப் பார்த்தேன்.
அதே ஆறு.

அரிசோனாவின் இந்தச் சரளைக்காட்டில்
ஒன்பது குளிர்காலம் கழித்திருக்கிறோம்.
விடியலில் இப்படி ஓர் எண்ணைக் கண்டதில்லை.
புள்ளி இரண்டு என்றால் நல்ல இரவு.
புள்ளி ஒன்று என்றால்
காப்பி கொதிக்கும்வரை ஓரினிடம் பேச மாட்டேன்.
பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால்
பேட்டரிக்கு ஆயுள் குறையும்,
எனக்கும்தான்.

வடக்கு டகோட்டாவில், தானியக் கிடங்கு வாசலில்
முப்பத்தொரு வருடம் லாரிகளை எடை போட்டவள் நான்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற கை.
இங்கே ஆறு கிடையாது, வெயில்தான்.
அதையும் அளந்துதான் கூரையிலிருந்து இறக்குவேன்.
பலகையின் தூசியைத் துடைத்து,
தெற்கே சாய்த்து,
ஏசி மூடியின் நிழல் அதன் மூலையைத் தொடும் முன்
ஏணியேறி நகர்த்திவைத்து.
மாதம் ஒருமுறை பேட்டரியின் வாய் திறந்து
காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவேன்,
குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல.

"நட்சத்திரத்துக்கும் ஒரு ஸ்விட்ச் இருந்தால்
அணைத்துவிட்டுத்தான் படுப்பாய், மாரென்"
என்பான் ஓரின்.

ராத்திரிதான் கஷ்டம்.
கணப்பு எரிவது கேஸில்,
ஆனால் அந்தச் சூட்டை ஊதிவிடும் விசிறி
பேட்டரியை மென்று தின்னும்.
ஓரினுக்கோ மூச்சுக் கருவி,
முகமூடி, குழாய், விடியவிடிய ஒரு மெல்லிய ஸ்ஸ்ஸ்.
இரண்டுக்கும் போதாது.
விசிறியா மூச்சா என்றால்
மூச்சு.
பிறகு ஒரு கம்பளி,
அதன்மேல் இன்னொரு கம்பளி,
அதன்மேல் நாய்.

செவ்வாயன்று மதியம்
தட்டைக் கழுவிக்கொண்டே "நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றான்.
பக்கத்து வண்டி பிராக்கமோன்டே தன் டிரக்கில் ஏற்றினார்.
யூமா வரை எண்பது மைல்.
யாரும் வானொலியைப் போடச் சொல்லவில்லை.

அந்த அறையில்
கட்டிலைச் சுற்றி மட்டும் பதினான்கு பிளக்கு.
எண்ணினேன், வேறென்ன செய்ய.
ஆளில்லாத நடைபாதையில் பகலிலும் விளக்கு.
எவரும் எழுந்துபோய் அணைக்கவில்லை.
"கருவி எங்களிடமே இருக்கிறது,
இதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்றாள் செவிலி.
வியாழக்கிழமை அறுவை.
நாய்க்குச் சோறு வைக்க வேண்டுமே என்று திரும்பினேன்.

அப்படி வந்தது இந்தப் புள்ளி ஆறு.
இத்தனை வருடம் நான் ஆசைப்பட்ட எண்.
பத்து மணிக்கே பேட்டரி நிறைந்து
"போதும்" என்று பச்சை விளக்கைச் சிமிட்டியது.
மீதி வெயில்
கூரையில் விழுந்து, வாங்க ஆளின்றி,
அப்படியே சரளையில் வழிந்து போனது.

எனக்குச் செலவழிக்கத் தெரியவில்லை.
வானொலி போட்டேன். அணைத்தேன்.
கைபேசிக்கு நிறைந்தபின்னும் நிறைத்தேன்.
இருட்டியதும்
ஒருநாளும் போடாத வாசல் விளக்கைப் போட்டேன்.

கால்மணிக்குள் கதவு தட்டும் சத்தம்.
பிராக்கமோன்டே, காலில் செருப்புகூட இல்லாமல்.
"உங்கள் வாசலில் வெளிச்சம்.
யூமாவிலிருந்து ஏதும் சேதியோ என்று..."
இல்லை, என்றேன்.
சும்மாதான்.
அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒரு கிண்ணம் பீன்ஸ் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

பதினொரு மணி. தூக்கம் வரவில்லை.
இந்த நிசப்தத்துக்கு நான் பழகியவளில்லை.
எழுந்து, பையிலிருந்து கருவியை எடுத்து,
அவன் பக்கத்துத் தலையணைமேல் முகமூடியை வைத்து,
பொத்தானை அழுத்தினேன்.

ஸ்ஸ்ஸ்.

நாய் தலை தூக்கிப் பார்த்தது,
பிறகு வழக்கமான இடத்தில் ஏறிப் படுத்தது.
யாருக்கும் போகாத அந்தக் காற்றை
விடியும்வரை ஓட விட்டேன்.

காலை ஆறு மணி.
பன்னிரண்டு புள்ளி இரண்டு.
காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.
இன்று புதன்.